சவானா: இரண்டு முறை ரோல்பேக் ஆன ஊர்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் புடுங்க வேண்டிய ஆணி அதிகம். போன மாசம் ஒரு லாங் வீக்கெண்ட் கிடைச்சதும் தங்கமணியும் நானும் அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்குக் கிளம்பிட்டோம். 250 மைல், நாலு மணி நேரம். மேக்கனைத் தாண்டி ஐ-16 பிடிச்சா ரெண்டு பக்கமும் பைன் மரம், பைன் மரம், பைன் மரம் மட்டுமே. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லேன்னா தூங்கியிருப்பேன்.

ஊர் சுத்தின கதைன்னு நினைச்சு வந்தவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதுவும் இருக்கு, ஆனா கொஞ்சம்தான். நான் சொல்ல வந்தது ஒரு கோவேறு கழுதையின் கதை.

கொசுவர்த்தி சுத்துங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, போனஸ் பத்தி ஆபீஸில் ஏதோ அறிவிச்சாங்க. மதியச் சாப்பாட்டில் அதைக் கிண்டலடிச்சுக்கிட்டு இருந்தப்போ நான் என் பங்குக்கு, "ஆமாமா, நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் தரப்போறாங்க" அப்படின்னேன். ஏதோ படத்தில் கேட்டது. இயக்குநர் ஸ்பைக் லீயின் கம்பெனிக்கே அந்தப் பேருதான். நம்ம ஊர் 'அல்வா கொடுக்கிறது' மாதிரி ஒரு சொலவடைன்னு நினைச்சுட்டேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. எங்க டீமில் டேட்டாபேஸ் பார்க்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார், கறுப்பினத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் சிரிக்கலை. கோபப்படவும் இல்லை. சாப்பிட்டு முடிச்சுத் தட்டை எடுத்துக்கிட்டு எழுந்திருக்கும்போது மட்டும் கேட்டார்: "அதை எந்த ஊரில் எழுதினாங்கன்னு தெரியுமா? சவானா. போனா அந்த வீட்டைப் பாரு."

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். அப்புறம்தான் இந்தப் பயணம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சவானா அழகுன்னா அப்படி ஒரு அழகு. தெரு முழுக்க லைவ் ஓக் மரங்கள். கிளைகளிலிருந்து ஸ்பானிஷ் மாஸ் சாமியார் ஜடை மாதிரி தொங்குது. நாலு எட்டு வெச்சா ஒரு சதுக்கம். நிழல், பெஞ்சு, நடுவில் சிலையோ நீரூற்றோ. இன்னும் நாலு எட்டு வெச்சா அடுத்த சதுக்கம். ஃபாரஸ்ட் கம்ப் உட்கார்ந்து கதை சொல்ற பெஞ்சு சிப்பேவா சதுக்கத்தில்தான் இருந்தது. அது படப்பிடிப்புக்காகப் போட்டது, இப்போ அருங்காட்சியகத்தில் இருக்கு. ஆனாலும் பெஞ்சைத் தேடி வர்றவங்களுக்குக் குறைவில்லை (நாங்களும் தேடினோம், ஹி ஹி). அங்கே நிமிர்ந்து பார்த்தா ஜேம்ஸ் ஓகில்தோர்ப் சிலை, தெற்கே பார்த்துக்கிட்டு நிக்குது. இந்த ஊரை டிசைன் பண்ணவர் அவர்தான்.

பொட்டி தட்டுறவனுக்கு இந்த ஊர் வரைபடத்தைப் பார்த்தா கண்ணு கலங்கும். 1733 பிப்ரவரியில் நூற்றுச் சொச்சம் பேரோடு ஆத்தங்கரை மேட்டில் வந்து இறங்கினார் மனுஷன். அங்கே இருந்த யாமக்ரா மக்களின் தலைவர் டோமோசிச்சி சம்மதத்தோடு ஊர் கட்ட ஆரம்பிச்சார். 'வார்டு'ன்னு ஒரு மாட்யூல். நடுவில் சதுக்கம். கிழக்கிலும் மேற்கிலும் சேர்த்துப் பொதுக் கட்டடங்களுக்கு நாலு மனை. வடக்கிலும் தெற்கிலும் பத்துப் பத்து வீடுகளாக நாலு தொகுதி. ஆக வார்டுக்கு 40 வீடு. ஊர் பெருசாக வேணுமா? அதே மாட்யூலைப் பக்கத்தில் காப்பி பேஸ்ட் பண்ணு. 1850-கள் வரைக்கும் அப்படியே பண்ணி 24 சதுக்கம் வந்துடுச்சு. இப்போ இருக்கிறது 22.

ஆனா ஓகில்தோர்ப்பும் அவரோட கூட்டாளிகளான அறங்காவலர்களும் டிசைன் பண்ணது தெருவை மட்டும் இல்லை. இங்கிலாந்தின் ஏழைகளுக்கு ஒரு புது வாழ்க்கை, அதுதான் திட்டம். அவங்க முத்திரையில் இருந்த லத்தீன் வாசகத்துக்கு 'தமக்காக அல்ல, பிறருக்காக'ன்னு அர்த்தம். தர்மக் கணக்கில் வந்த குடும்பத்துக்கு 50 ஏக்கர். சொந்தச் செலவில் வந்தாலும் 500 ஏக்கருக்கு மேல் கிடையாது. வக்கீல் வேண்டாம். ரம் கூடாது. (அந்த ஊரில்தான் இன்னைக்கு பிளாஸ்டிக் கப்பில் சரக்கோடு தெருவில் நடக்கலாம்!) எல்லாத்துக்கும் மேல, 1735-ல் போட்ட சட்டப்படி அடிமைகள் கூடாது.

படிச்சதும் ஓகில்தோர்ப்புக்கு ஒரு சல்யூட் அடிக்கத் தோணுச்சு. அவசரப்பட்டுட்டேன். தடைக்கு அவங்க சொன்ன காரணங்களில் முக்கியமானது பாதுகாப்பு. தெற்கே ஃப்ளோரிடா ஸ்பெயின் கையில். தப்பி வர்ற பிரிட்டிஷ் அடிமைகளுக்கு விடுதலைன்னு ஸ்பெயின் அறிவிச்சிருந்தது. நடுவில் அடிமைகளே இல்லாத ஒரு காவல் பகுதி வேணும். அடிமை இருந்தா வெள்ளைக்காரன் சோம்பேறி ஆயிடுவான்ங்கிறது இன்னொரு காரணம். ஓகில்தோர்ப்போ அடிமை வியாபாரம் பண்ணின ராயல் ஆஃப்ரிக்கன் கம்பெனியில் துணை ஆளுநரா இருந்தவர். ஊருக்காக முதல் மரங்களை வெட்டி அறுத்தவங்களிலேயே கரோலினாவிலிருந்து இரவல் வந்த அடிமைகள் இருந்தாங்க.

இருந்தாலும் சட்டம் சட்டம்தானே? காரணம் எதுவா இருந்தாலும் அந்தத் தடை இருந்த வரைக்கும் நல்லதுதான்.

இருந்த வரைக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் கரோலினாக்காரன் அடிமைகளை வெச்சு நெல் விளைவிச்சுப் பணக்காரன் ஆகிட்டிருந்தான். இங்கே இருந்தவங்களுக்கு வயிறு எரிஞ்சது. 1738 டிசம்பரில் அடிமைகள் வேணும்னு சவானாவில் ஒரு மனு. அடுத்த மாசமே, தெற்கே டேரியனில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரங்க 18 பேர் கையெழுத்துப் போட்டு எதிர்மனு. ஒரு இனத்தை நிரந்தரமா அடிமையா வெச்சிருக்கிறது மனுஷத்தனத்துக்கே அடுக்காதுன்னு அதில் எழுதியிருந்தாங்க. 1739-ல்! 'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க'ன்னு இனிமே யாராவது சொன்னா இந்த 18 பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கடைசியில் ஜெயிச்சது முதல் மனு. 1751 தொடக்கத்தோடு தடை நீங்கியது. முதல் ரோல்பேக். 1750-ல் ஜார்ஜியாவில் 500-க்கும் குறைவான அடிமைகள். 1775-ல் ஏறத்தாழ 18,000. தர்மத்துக்குப் போட்ட அழகான வார்டு மாட்யூல் மட்டும் அப்படியே இருந்தது. அதில் வந்து குடியேறினது நெல் காசும் பஞ்சுக் காசும்.

அந்தக் காசு எப்படி வந்ததுன்னு ஒரு உதாரணம். 1859 மார்ச் 2, 3 தேதிகள். ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பந்தய மைதானம். பியர்ஸ் பட்லர் என்கிற பண்ணைக்காரர் சூதாட்டத்திலும் பங்குச்சந்தையிலும் பணத்தை விட்டுட்டு, கடனை அடைக்க 436 மனுஷங்களை ஏலப் பட்டியலில் போட்டார். குதிரைக் கொட்டடிகளில் அவங்களைத் தங்க வெச்சிருந்தாங்க. ரெண்டு நாளும் மழை. வசூல் 303,850 டாலர். அந்த ஏலத்துக்கு அவங்க வெச்ச பேர் 'அழுகைக் காலம்'. அதைச் சொல்ற ஒரு கல்வெட்டுப் பலகை அங்கே 2008-ல்தான் வந்தது.

தங்கமணி கேட்டாங்க: "ஏங்க, இவ்வளவு அழகான ஊருக்கு வந்து ஏன் இதையே படிச்சுக்கிட்டு இருக்கீங்க?" நியாயமான கேள்வி. "ஒரே ஒரு வீடு பார்த்துட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போயிடலாம்"னு சமாதானம் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்.

மேடிசன் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கு கிரீன்-மெல்ட்ரிம் மாளிகை. சார்லஸ் கிரீன் என்கிற பஞ்சு வியாபாரி கட்டினது. வாசலில் இரும்புப் பூவேலை, உள்ளே பெரிய பெரிய கண்ணாடிகள். 1864 டிசம்பர் 21-ல் வடக்குப் படை சவானாவுக்குள் வந்தது. அட்லாண்டாவிலிருந்து வழியெல்லாம் நாசம் பண்ணிக்கிட்டு வந்த ஜெனரல் ஷெர்மன், மறுநாள் இந்த ஊரையே கிறிஸ்துமஸ் பரிசாத் தர்றதா லிங்கனுக்குத் தந்தி அடிச்சார். அவர் தங்கினது இந்த வீட்டில்தான். டூரிஸ்டுகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

நான் தேடிப்போனது அடுத்த கதை. ஷெர்மன் படைக்குப் பின்னாலேயே விடுதலை தேடி ஆயிரக்கணக்கான அடிமைகள் நடந்து வந்தாங்க. டிசம்பர் 9-ஆம் தேதி எபினேசர் ஓடையில், படை கடந்ததும் அவரோட தளபதி ஒருத்தர் மிதவைப் பாலத்தை எடுத்துட்டார். பின்னால் எதிரிக் குதிரைப்படை, முன்னால் குளிர்ந்த தண்ணி. நிறைய பேர் மூழ்கிச் செத்தாங்க. விஷயம் வாஷிங்டன் வரைக்கும் போய், போர் அமைச்சர் எட்வின் ஸ்டான்டனே சவானா வந்தார். 1865 ஜனவரி 12, ராத்திரி 8 மணி. அவரும் ஷெர்மனும் 20 கறுப்பினப் போதகர்களைச் சந்திச்சாங்க.

எனக்குப் புல்லரிச்ச விஷயம் இதுதான்: அமெரிக்க அரசாங்கம் அவங்களைக் கூப்பிட்டு, 'உங்களுக்கு என்ன வேணும்?'னு கேட்டது. பதில் சொன்னவர் காரிசன் ஃப்ரேஷியர், வயது 67. தன்னையும் தன் மனைவியையும் 1,000 டாலர் கொடுத்துத் தானே விலைக்கு வாங்கி விடுதலை ஆனவர். அவர் சொன்ன பதிலின் சாரம் ரொம்பச் சின்னது: நிலம் வேணும். எங்க உழைப்பில் நாங்களே உழுது, காசு சேர்ந்து அதை நாங்களே வாங்கிக்கிற வரைக்கும் அதில் இருக்க விடுங்க. நடுவில் ஸ்டான்டன் ஷெர்மனை வெளியே அனுப்பிட்டு, 'இந்த ஆளைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?'ன்னும் கேட்டார். அவ்வளவு பெரிய ஜெனரல் கதவுக்கு வெளியே நிக்கிறார்!

நாலே நாளில், ஜனவரி 16-ல், சிறப்புக் கள ஆணை எண் 15 வந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே இருக்கிற தீவுகள், கடலிலிருந்து 30 மைல் உள்ளே வரைக்கும் ஆறுகளையொட்டிக் கைவிடப்பட்ட நெல் வயல்கள், அப்படியே ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாம. கோவேறு கழுதை ஆணையில் இல்லை. ராணுவத்தில் மிச்சமான கழுதைகளைக் கொடுத்ததால் பின்னாடி வாய்மொழியா ஒட்டிக்கிட்டது. ஷெர்மன் ஒண்ணும் மகான் இல்லை. பின்னால் வர்ற கூட்டத்தை எங்கேயாவது உட்கார வைக்கணும், அதுதான் அவர் கவலை. ஆனா ஜூனுக்குள் ஏறத்தாழ 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிட்டாங்க. அந்த 20 போதகர்களில் ஒருத்தரான யுலிசீஸ் ஹூஸ்டன், சுமார் ஆயிரம் பேரைக் கூட்டிக்கிட்டு ஸ்கிடவே தீவுக்குப் போய், தங்களைத் தாங்களே ஆளுற ஒரு ஊரையே உண்டாக்கினார்.

ஏப்ரலில் லிங்கனைச் சுட்டுட்டாங்க. அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணைக்காரங்களுக்கு மன்னிப்பு கொடுத்தார். மன்னிப்போடு நிலமும் திரும்பப் போச்சு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள ஆணை அம்பேல். ரெண்டாவது ரோல்பேக். விதைச்சவனை அதே வயலில் கூலியா இரு, இல்லேன்னா கிளம்புன்னுட்டாங்க.

ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு ஸ்கிடவே தீவுக்கு வண்டியை விட்டோம். ஊரிலிருந்து அரை மணி நேரம். அங்கே இருக்கிற ஸ்டேட் பார்க்கில் சதுப்பு நிலத்து ஓரமா நடந்தோம். கொக்கு, நண்டு, உப்புக் காத்து. தீவின் பெரும்பகுதியில் இப்போ கேட் போட்ட குடியிருப்பும் கோல்ஃப் மைதானங்களும். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஒரு நிமிஷம் பார்த்துட்டுத் திரும்பிட்டோம். இந்தத் தடவை தங்கமணி ஒண்ணும் கேட்கலை.

ஊர் மாறவே இல்லைன்னும் சொல்ல முடியாது. அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கின கால்ஹூன் பேரில் இருந்த சதுக்கத்துக்கு 2023-ல் சூசி கிங் டெய்லர் பேரை வெச்சிருக்காங்க. அடிமையாப் பிறந்து, சவானாவில் திருட்டுத்தனமா எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு, அப்புறம் ஆசிரியையும் நர்சுமா ஆனவர். அந்தப் பேர்ப்பலகையைத் தங்கமணிதான் போட்டோ எடுத்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா ஃப்ரேஷியர் கேட்டது பேர்ப்பலகை இல்லையே.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போனதும் டேட்டாபேஸ் பெரியவர்கிட்ட போய், "அந்த வீட்டைப் பார்த்தேன். அன்னைக்கு நான் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க"ன்னேன். "உனக்குத் தெரியாதுன்னு தெரியும்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார்: "எங்க ஆளுங்களும் அந்தக் கடற்கரைதான். எந்தத் தீவுன்னு மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது."

அப்புறம் வழக்கம்போல சர்வர் பிரச்சினை ஒண்ணு வந்துடுச்சு. ரெண்டு பேரும் அதைப் பார்க்கப் போயிட்டோம்.

டிஸ்கி: சவானா போறவங்க வண்டியை ஓரம் கட்டிட்டு நடங்க. கிரீன்-மெல்ட்ரிம் மாளிகை இப்போ பக்கத்துத் தேவாலயத்தின் பொறுப்பில் இருக்கு, திறந்திருக்கிற நேரம் பார்த்துட்டுப் போங்க. கிறிஸ்துமஸ் தந்தியைப் பத்தி யார் வேணும்னாலும் சொல்லுவாங்க. ஜனவரி 12 பத்தி நீங்களா ஒரு கேள்வி கேளுங்க.