பிறை காத்திருப்பதில்லை: கல்முனைக் கடற்கரைப் பள்ளியும் அலுத்த மனிதரின் பயணமும்

சில வாரங்களுக்கு முன் கொழும்பிலிருந்து ஓர் இளம் செய்தியாளர் தொலைபேசியில் பேசினார். பத்திரிகைத் தொழிலை விட்டுவிட எண்ணியிருப்பதாகச் சொன்னார். உடம்புக்கு ஒன்றுமில்லை. சம்பளத்திலும் பெரிய குறையில்லை. காலையில் மேசையில் அமர்ந்தால் ஒரு வரி எழுத முடியவில்லை, எந்தச் செய்தியும் எதையும் கிளர்த்துவதில்லை என்றார். "நாலு நாள் எங்காவது போய் வாருங்கள் தம்பி" என்றேன். தொலைபேசியை வைத்த பின்னர்தான் இந்த அறிவுரை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தேன். அது என்னுடையதல்ல, என் மூத்தம்மாவுடையது.

இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் 'பேர்ன் அவுட்' என்று பெயர். 1974 ஆம் ஆண்டில் நியூயோர்க் உளவியலாளரான ஹேர்பேர்ட் ஃபிராய்டன்பேர்கர் அதை ஆய்வுலகில் அறிமுகப்படுத்தினார். இலவச மருத்துவ நிலையங்களில் இரவு பகலாகத் தொண்டு செய்தவர்கள் சில மாதங்களில் உள்ளூர எரிந்து தணிந்து போவதை அவர் கண்டார். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதைத் தன் வகைப்பாட்டில் விளக்கியபோது, நோயென்று கூறாமல் தொழில் சார்ந்த ஒரு நிலை என்றே குறித்தது. மூத்தம்மாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. அவர் 'அலுப்பு' என்பார். உடம்பு அலுப்பு வேறு, மனசு அலுப்பு வேறு என்பார். முதலாவதற்குத் தூக்கம் போதும். இரண்டாவதற்கு, "வா மகன், கடற்கரைப் பள்ளிக்கு ஒருக்காப் போய் வருவம்" என்பதுதான் அவருடைய வைத்தியம்.

அந்தக் கடற்கரைப் பள்ளியின் வரலாற்றைச் சற்று எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

கிழக்கிலங்கையின் வரைபடத்தில் கல்முனைப் பகுதி ஒரு நெருக்கமான மணிமாலை போன்றது. வடக்கே பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு. பின்னர் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. அதற்கப்பால் சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு, பின்னர் நிந்தவூர். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருவதை நம் பெரியவர்கள் குழலில் அடைத்த பிட்டுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் ஒப்பிட்டனர். ஒருபுறம் கடல், மறுபுறம் வயல்வெளி. கரைவலை, நெல், மருதமுனையின் கைத்தறி, பெண்கள் இழைக்கும் பன்பாய் என இந்த ஊர்களின் தொழில்கள் யாவும் முதுகை வளைத்துச் செய்பவை. 1961 வரை இவை மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்தன. அதன் பிறகே அம்பாறை மாவட்டம் உருவானது.

கல்முனைக்குடியின் கடலோரத்தில் இருக்கிறது கடற்கரைப் பள்ளி. தமிழகத்தின் நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்த தர்கா இது. ஆண்டகையின் உடல் இங்கில்லை. இருப்பது அவருடைய நினைவு மட்டுமே. தோற்றக் கதையை ஊரில் எல்லோரும் அறிவார்கள். தொழுநோய் கண்ட ஒருவரை ஊரார் கடற்கரையில் தனியே ஒதுக்கி வைத்தனர். ஓர் இரவு அவருடைய கனவில் ஆண்டகை தோன்றினார். அதன் பின் அவர் நலமடைந்தார். அந்த மணல்மேடே தர்காவாயிற்று. இது வாய்மொழி மரபு. சாசனம் கேட்பவர்களுக்குக் காட்ட எதுவுமில்லை. ஆயினும் ஒரு சமூகம் தன் புனித இடத்தின் கதையை எங்கே தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. இந்தக் கதை அரசனிடமோ வணிகனிடமோ தொடங்கவில்லை. மனிதரால் கைவிடப்பட்டு மணலில் கிடந்த ஒருவனிடம், கடல் கடந்து ஒரு பயணி வந்து சேர்கிறார்.

நாகூர் ஆண்டகை பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். வங்கக் கடலில் ஓடிய தமிழ் முஸ்லிம் மாலுமிகளும் வணிகர்களும் புயலில் அழைத்தது அவர் பெயரைத்தான். அவர்கள் போய் இறங்கிய இடங்களிலெல்லாம் அவருக்கு நினைவிடம் எழுப்பினர். பினாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் 1828 முதல் 1830 வரையிலும் எழுந்த நாகூர் தர்காக்கள் அத்தகையவை. அவற்றிலும் உடல் இல்லை. அவை வீட்டை விட்டு வந்தவர்கள் இறக்கி வைத்த சுமைதாங்கிக் கற்கள். கல்முனைக்குடித் தர்காவும் அதே கடல்வழியின் ஒரு நிறுத்தம்.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக, ஒவ்வோர் ஆண்டும் ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையில் இங்கே கொடியேறுகிறது. பன்னிரண்டு நாட்கள் விழா. ஊர்வலமாக வரும் கொடிகள் மினாராவில் ஏறும். மௌலூது ஓதுவார்கள். பக்கீர்மார் றபான் அடித்து றாத்திபு வைப்பார்கள். முடிவில் கந்தூரிச் சோறு. கடற்கரை மணலில் தற்காலிகக் கடைகள் முளைக்கும், மஸ்கட் மணக்கும். நேர்ச்சையோடு வருவோரில் தமிழரும் இருப்பர். அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 இல் அக்கரைப்பற்றில் தன் களப்பணியைத் தொடங்கியவர். இந்தக் கரையோரத்தின் தர்காக்களையும் கோயில்களையும் ஆண்டுக்கணக்கில் பார்த்து எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பழகிப் போனதால் கண்ணில் படாமல் இருந்த பலவற்றை அவர் எழுத்தில்தான் நாங்கள் பார்த்தோம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எங்கள் விவசாயிகள் மாரிப் போகம், சிறுபோகம் என்று பருவக் கணக்கில் வாழ்பவர்கள். கொடியேற்றமோ சந்திரக் கணக்கில் வருவது. ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாட்கள் முன்னே நகரும். ஆகவே ஓர் ஆண்டு அறுவடை முடிந்த ஓய்வில் வரும். சில ஆண்டுகளின் பின் கதிர் முற்றிய அவசரத்தில் வரும். இன்னும் சில ஆண்டுகளில் அடைமழையில் வரும். வேலை முடியட்டும் என்று பிறை காத்திருப்பதில்லை. வயல் வாடியில் காவலுக்கு ஆள் மாற்றிக்கொண்டு வருவார்கள். பன்பாய் பாதியில் கிடக்கும். மூத்தம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்படுவார். 'இந்த வேலை ஒன்று முடிந்ததும் ஓய்வெடுப்பேன்' என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி எரிந்து போகிறவர்கள் நாம். அந்த முடிவை மனிதனின் கையில் விடாமல் பிறையின் கையில் கொடுத்த ஏற்பாடு எவ்வளவு விவேகமானது என்பது எனக்கு ஐம்பது வயது கடந்த பிறகே விளங்கியது.

வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத அக்காலப் பெண்களுக்கு இதன் பெறுமதி இன்னும் அதிகம். இரண்டு மைல் தூரத்தைக் கரத்தையில் கடப்பதும் அவர்களுக்குப் பயணமே. போகிற வழியில் மூத்தம்மா அதிகம் பேசமாட்டார். கடலைப் பார்த்தபடி வெகுநேரம் இருப்பார். திரும்பும்போது அயலவர்களுக்கு நார்சா கட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வருவார்.

தூரப் பயணங்களும் இருந்தன. பாலாங்கொடைக்கு அருகே கூரகலை மலைக்குகையில் உள்ள தப்தர் ஜெய்லானிக்கு இந்த ஊர்களிலிருந்து கூட்டமாகப் போவார்கள். 1166 இல் மறைந்த பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி, பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வந்து அக்குகையில் தவமிருந்தார் என்பது மரபு. மொரோக்கோவின் இப்னு பதூதா 1344 இல் இந்தத் தீவில் இறங்கியதும் அந்த மலையைக் காணத்தான். ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அவரை அனுப்பி வைத்தார். கதிர்காமத்தில் முருகன் கோயிலுக்கு அருகிலேயே ஹிளுறு நபியின் பெயரால் பள்ளி இருக்கிறது. ஆடி விழாக் காலத்தில் அங்கும் பக்கீர்மார் றாத்திபு வைப்பார்கள். பொத்துவிலைக் கடந்து, உகந்தை முருகனை வணங்கி, குமணைக் காட்டினூடாகக் கதிர்காமம் போகும் தமிழ்ப் பாதயாத்திரிகரின் பாதையும் இந்தக் கரையோரத்தது. காட்டில் பல நாட்கள் நடந்து களைத்தவர்கள் மனம் தெளிந்து திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். உடம்பை அலுக்க வைத்து மனசு அலுப்பைத் தீர்க்கும் வைத்தியம் அது.

ஆனால் பயணத்தை மட்டும் புகழ்ந்து எழுதினால் எங்கள் வரலாற்றில் பாதியை மறைத்தவனாவேன். இக்கரையின் மக்கள் அறிந்தது பயணத்தை மட்டுமல்ல, இடப்பெயர்வையும்தான். 1626 இல் போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாறு சொல்கிறது. எங்கள் ஊர்களின் வேர்களில் ஒன்று துரத்தலில் இருக்கிறது. 1990 இன் நடுப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் கொல்லப்பட்டார்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் தனித்தனியாயின. அடுத்த ஊருக்குப் போவதே உயிர்ப் பணயம் ஆனது. தர்காவுக்கும் கோயிலுக்கும் போன பாதைகளில் காவலரண்கள் எழுந்தன.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையில் ஆழிப்பேரலை அதிக உயிர் குடித்த மாவட்டம் இதுதான். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீதிகளே இல்லாமற் போயின. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள் வழக்கில் சிக்கி நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டுகளில் எங்கள் மக்கள் பாடசாலைக்கும், கூடாரத்துக்கும், உறவினர் வீட்டுக்கும், தகரக் கொட்டிலுக்கும் ஓயாமல் நகர்ந்தார்கள். அந்த நகர்வு எவரையும் ஆற்றவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கால் நகர்ந்தாலே மனம் ஆறிவிடும் என்பது பாதி உண்மைதான். திரும்பி வர ஒரு வாசல் இருப்பவனுக்கே பயணம் மருந்தாகும். வாசலை இழந்தவனுக்கு முதலில் வீடு வேண்டும்.

அந்த மாதங்களில் நான் செய்தியாளனாக இதே கரையில் இருந்தேன். சடலங்களை எண்ணுவது என் வேலையாயிற்று. பெப்ரவரி அளவில் எண்கள் எனக்கு வெறும் எண்களாகின. ஒரு தாயின் அழுகையைக் கேட்டபடி, அந்தச் செய்திக்கு எத்தனை அங்குலம் இடம் கிடைக்கும் என்று கணக்கிட்ட நாளொன்று உண்டு. அன்றிரவு என்னைக் கண்டு நானே பயந்தேன். நண்பர் ஒருவரின் வான் கூரகலைக்குப் போவதாக இருந்தது. எழுதவேண்டிய கட்டுரையை அப்படியே விட்டுவிட்டு ஏறினேன். மலையேறினேன், இரண்டு நாள் குகையருகே இருந்தேன், ஒரு வரியும் எழுதவில்லை. அற்புதம் எதுவும் நிகழவில்லை. திரும்பி வந்து அதே தாயைத் தேடிப் போனேன். இம்முறை குறிப்பேட்டை எடுக்காமல் அருகில் அமர்ந்தேன். எனக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

தர்கா வழிபாடு மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று சொல்வோர் எங்கள் ஊர்களில் ஏராளம். என் உறவினர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய நேர்மையான கருத்தை நான் மதிக்கிறேன். பேச்சால் வாதிடுவதற்கு எக்காலமும் இடமுண்டு. ஆனால் தர்காக்களுக்கும் தரீக்காக்களுக்கும் எதிராகக் கிளம்பிய ஒரு சிறு குழு எங்கே போய் முடிந்தது என்பதை 2019 ஏப்ரலில் நாடே பார்த்தது. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் அக்குழுவினர் தம் குழந்தைகளோடு வெடித்துச் சிதறினர். மறுபுறம் கூரகலையும் தொல்பொருள், உரிமை என்ற சர்ச்சைக்குள் போயிற்று. மூத்தம்மாவின் பயணப் பாதைகள் இரு பக்கமும் ஒடுங்கியிருக்கின்றன.

இதே கரையின் தெற்கே அறுகம்பேயில் உலகின் பல மூலைகளிலிருந்தும் அலைச் சறுக்கலுக்கு வருகிறார்கள். அவர்களிலும் வேலையில் எரிந்து போனவர்கள் இருப்பார்கள். விடுமுறை தரும் தெம்பு வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் மங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நம் முன்னோர்கள் இதை ஆய்வின்றியே அறிந்திருந்தார்கள் போலும். ஒரே ஒரு பெரும் பயணத்தை நம்பாமல், ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் போகும் சிறு பயணங்களை அமைத்தார்கள். அவற்றைத் தனியே போகவும் விடவில்லை. கூட்டமாகப் போய், கூடி உண்டு, அயலவருக்கும் கொண்டு வரச் செய்தார்கள்.

அந்த இளைஞர் மறுபடியும் பேசினார். எங்கே போவது என்று கேட்டார். கல்முனைக்கு வாருங்கள் என்றேன். வேலை கொஞ்சம் குறையட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த தலைப்பிறை எந்த நாளில் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.