பீங்கான் கலையும் பெயர் மறைந்த ஆசான்களும்

நம் இல்லத்துப் பீங்கான் கோப்பைக்குப் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. சீனத்தின் ஜிங்தெசென் நகரக் குயவர் தலைமுறை தலைமுறையாய்க் காத்துவந்த தொழில் நுட்பத்தை ஐரோப்பியர்க்கு விரிவாக எடுத்துரைத்தவர் ஒரு குருவானவர். பிரெஞ்சு இயேசு சபையினரான தான்த்ரகோல் அடிகளார் 1712, 1722ஆம் ஆண்டுகளில் வரைந்த இரு மடல்களில் மண் கலவை, மெருகுப்பூச்சு, சூளையிடும் முறை ஆகியவற்றை விளக்கினார். அத்தொழில் புரிந்த கிறிஸ்தவர்களிடமிருந்து அவர் பலவற்றைக் கேட்டறிந்தார்.

ஜெர்மனியின் மைசன் ஆலை 1710ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பிரான்சிலோ, லிமோஜ் அருகே 1768ஆம் ஆண்டளவில் வெண்களிமண் கிடைத்த பின்னரே இத்தொழில் அங்கு வேரூன்றியது. அம்மண்ணின் ‘கயோலின்’ என்னும் பெயர், ஜிங்தெசென் அருகிலுள்ள காவ்லிங் குன்றிலிருந்து வந்ததாகும். பூச்சுக் கலை கைவர மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. செம்பு கலந்த பூச்சு, காற்று மிகுந்த சூளையில் பச்சையாகும். காற்றைக் குறைத்து எரித்தால் செந்நிறம் பெறும். சீனர் நெடுங்காலமாய் அறிந்திருந்த இச்செந்நிறத்தைப் பிரெஞ்சுக் கலைஞர் எர்னஸ்ட் ஷாப்லே 1880களில் அரிதின் முயன்று அடைந்தார்.

இத்தகைய நிகழ்ச்சி நம் சோழமண்டலக் கரையிலும் உண்டு. இங்குப் பணியாற்றிய கேர்தூ அடிகளார், துணிக்குச் சாயமேற்றும் முறையை உள்ளூர்க் கிறிஸ்தவத் தொழிலாளரிடம் கேட்டு 1742ஆம் ஆண்டில் எழுதினார். இருவர் மடல்களும் இயேசு சபையாரின் ஒரே மடல் தொகுப்பு வரிசையில் அச்சேறின. குருவானவரை நம்பிப் பகிர்ந்த அறிவு, காலப்போக்கில் அயல்நாட்டு ஆலைகளுக்குத் துணையாயிற்று. எழுதியவர் பெயர் நிலைத்தது. கற்பித்தவர் பெயர் மறைந்தது. இது நீதியா என்னும் வினாவை நாம் எழுப்பியே ஆக வேண்டும்.

வேறு வழியும் இருந்தது. ஜப்பானில் இக்கலை பயின்ற ஆங்கிலேயர் பெர்னார்ட் லீச், 1920ஆம் ஆண்டில் நாடு திரும்புகையில் ஹமடா ஷோஜி என்னும் ஜப்பானியரையும் உடனழைத்துச் சென்றார். இருவரும் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை அமைத்தனர். இருவர் பெயரும் இன்றளவும் ஒருங்கே பேசப்படுகின்றன. 1971ஆம் ஆண்டில், செஞ்சிக்குத் தென்கிழக்கேயுள்ள புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மண்கலக் கூடத்தை ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கினர். ஜப்பானில் ஸ்மித் கற்ற கலை, இவ்வாறு நம் நாட்டு இளைஞர் கைகளிலும் வந்து சேர்ந்தது.

கலை கடல் கடப்பது நன்றே. ஆயினும், மறைபணியாளர்களைப் போற்றும் நம் வரலாற்று ஏடுகள், அவர்களுக்குக் கற்பித்த குயவரையும் சாயத் தொழிலாளரையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். அவர்களும் நம் விசுவாசக் குடும்பத்தினரே.