நூல் எதிர்ப்பும் பொது நூலகமும்

ஒரு நூலைக் கடையிலிருந்தோ நூலக அடுக்கிலிருந்தோ அகற்றும்படி தனிநபரோ அமைப்போ கோருவது நூல் எதிர்ப்பு. நூல் பிடிக்கவில்லை என்பது விமர்சனம். மற்றவர்களும் படிக்கக் கூடாது என்பது தணிக்கைக் கோரிக்கை.

மாதொருபாகன் வழக்கு

தமிழ்நாட்டில் இதற்கு முதன்மைச் சான்று பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (காலச்சுவடு, 2010). திருச்செங்கோட்டு வட்டாரத்தில் வாழும் குழந்தையில்லாத தம்பதி காளி, பொன்னாவின் கதை இது. நாவல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், கதையில் வரும் கோயில் திருவிழாவையும் பெண்களையும் இழிவுபடுத்துவதாகக் கூறி எதிர்ப்பாளர்கள் திருச்செங்கோட்டில் அதன் படிகளை எரித்தனர். அடுத்து கடையடைப்பும் நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு நடந்தது. நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்கவும், விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் சம்மதித்து ஆசிரியர் அங்கே கையெழுத்திட்டார். பிறகு, எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது: அந்த உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காத நூலைப் படிக்கும்படி எவரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆசிரியர் மீண்டும் எழுத வேண்டும்.

சட்ட வழி

நூலைப் பறிமுதல் செய்ய மாநில அரசு காரணங்களைக் குறிப்பிட்டு அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவு உள்ளது. பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். கூட்டத்தின் கோபத்துக்கும் அமைதிப் பேச்சுக்கும் இந்த அதிகாரம் கிடையாது.

நூலகத்தின் பொறுப்பு

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது. பல அமெரிக்க நூலகங்கள் நூல் பற்றிய புகாரை எழுத்தில் பெறுகின்றன: எந்தப் பக்கம், முழு நூலையும் படித்தீர்களா என்று கேட்கின்றன. நூலகத்தின் குழு நூல் முழுவதையும் படித்து எழுத்தில் பதில் தரும்வரை அது பொதுவாக அடுக்கிலேயே இருக்கும்.

நெய்வேலி

பலதரப்பட்ட வாசகர்கள் வாழும் ஊரில் இந்தப் பொறுப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியத்தில் என்.எல்.சி. நிறுவனம் 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடத்திவருகிறது. பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலைக்காகப் பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் இது. ஒரு வீட்டுக்கு ஆகாத நூல் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம். அதனால் நூலகர் புகார் சொல்பவரை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும். நூலை மட்டும் எடுத்துவிடக் கூடாது.