ஒரே ஒரு தோட்டா

ஆஸ்திரியாவின் தென்கோடி நகரம் ஃபெர்லாக். கரவாங்கன் மலையடிவாரத்தில், திராவா ஆற்றங்கரையில் இருக்கிறது. மலையில் இரும்பு கிடைத்தது, ஓடைகள் சம்மட்டிகளை ஓட்டின, காடு கரியைத் தந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசர் முதலாம் ஃபெர்டினாண்ட் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து துப்பாக்கிக் கொல்லர்களை வரவழைத்துக் குடியேற்றினார் என்பது ஊரார் சொல்லும் கதை. அதன்பின் நூற்றாண்டுக்கணக்கில் ஹாப்ஸ்பர்க் படைகளின் தோளில் ஃபெர்லாக் துப்பாக்கிகள் தொங்கின.

அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது இயந்திரம். 1860-களில் ஸ்டையர் நகரில் யோசஃப் வெர்ண்டல் அமைத்த ஆலை படைத்துப்பாக்கிகளை மொத்தமாக வார்த்துக் குவித்தது. கையால் ராவித் தேய்ப்பவர் அதோடு எப்படிப் போட்டியிடுவார்? ஃபெர்லாக் கொல்லர்கள் வேட்டைக்காரர்கள் பக்கம் திரும்பினார்கள். 1878-ல் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு பள்ளிக்கூடமும் அங்கே வந்தது.

ஆல்ப்ஸ் வேட்டைக்காரர் தேடிப்போவது ஷாமோய் எனும் மலையாட்டை. நம் வரையாட்டைப் போலச் செங்குத்துப் பாறையில் வாழும் விலங்கு. அதைப் பார்க்கவே அரைநாள் ஏற வேண்டும். முதுகில் கனமான ஆயுதம் இருந்தால் கை நடுங்கும், குறி தவறும். இதற்கு விடையாக வந்ததுதான் ‘கிப்லாஃப்’. நடுவில் கீல் வைத்து மடியும் ஒற்றைக் குழல் துப்பாக்கி அது. குழலைச் சாய்த்து ஒரு தோட்டாவைச் செருகி மூடினால் வேலை முடிந்தது. தோட்டாக் கூடும் முன்பின் நகரும் அடைப்பானும் இல்லாததால் நீளம் குறைகிறது. எடையும் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. பல துப்பாக்கிகளில் ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் மட்டுமே உள்வில் முறுக்கேறும். அதுவரை குழலில் தோட்டாவோடு பாறையேறலாம், வழுக்கி விழுந்தாலும் வெடிக்காது. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையிலும் ஒரு நுட்பம்: அதை முதலில் முன்பக்கம் தள்ளிவைத்தால், பிறகு விரல் பட்டாலே போதும் என்ற அளவுக்கு அது இளகிவிடும்.

வாங்குபவரை நிற்கவைத்துத் தையற்காரரைப் போல அளவெடுப்பார்கள். கை நீளம், கழுத்து உயரம், கன்னம் படியும் இடம் எல்லாம் பார்த்து வால்நட் கட்டையைச் செதுக்குவார்கள். இரும்புப் பாகத்தில் விளக்குப்புகைக் கரியைப் பூசி மரத்தில் அழுத்துவார்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவிவிட்டு மறுபடி அழுத்துவார்கள். முடி நுழையவும் இடமில்லாமல் போகும் வரை இதே வேலைதான். பக்கத் தகட்டில் பூவேலை செய்பவர் வேறொருவர். விலையுயர்ந்த துப்பாக்கிகளில் பார்வையை முதலில் இழுப்பது அந்தப் பூவேலை. ஆனால் கொல்லனின் திறமையை எடைபோட மரமும் இரும்பும் சேரும் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் 1880-களிலேயே பரவிவிட்டன. அந்தக் காலத்து வேட்டை எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஹாப்ஸ்பர்க் இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டே சாட்சி. 1893-ல் இலங்கையில் யானை வேட்டைக்கும் போனவர் அவர். அவருடைய குறிப்பேடுகளின் கணக்குப்படி வாழ்நாளில் சுட்ட உயிர்கள் 2,74,000-க்கும் மேல்! ஒற்றைத் தோட்டாவை நம்பி மலையேறும் மரபுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பிரிட்டனில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி வேறு வடிவம் எடுத்தது. ஸ்காட்லாந்தின் ஜான் ஃபார்குவர்சன் 1872-ல் காப்புரிமை பெற்ற அமைப்பில் குழல் மடியாது; நெம்புகோலை இறக்கினால் பின்னாலுள்ள இரும்புக்கட்டி கீழே சரிந்து வழிவிடும். பிரிஸ்டலின் ஜார்ஜ் கிப்ஸ் நிறுவனம் இதைச் செய்து விற்றது. ஆப்பிரிக்காவில் பேர்பெற்ற வேட்டைக்காரர் செலூஸ் கையிலும் இது இருந்தது. 1967-ல் அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் வெளியிட்ட ‘நம்பர் ஒன்’ துப்பாக்கிக்கு முன்மாதிரியும் இதுவே.

ஃபெர்லாக்கில் இன்று பட்டறைகள் சில மட்டுமே மிஞ்சியிருக்கின்றன; பள்ளி நடக்கிறது. எத்தனை மாத உழைப்பில் உருவான துப்பாக்கியானாலும் ஊரிலுள்ள அரசுச் சோதனைக்கூடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு வெடிப்பார்கள். குழல் தாங்கினால் முத்திரை குத்தப்படும், பிறகுதான் விற்கலாம்.