தன்னுண்ணலும் வியாதியும்

தன்னுண்ணல், அதாவது ஆட்டோஃபேஜி, என்பது உயிரணுவொன்று தன்னகத்தே பழுதுற்ற புரதங்களையும் தேய்ந்த நுண்ணுறுப்புகளையும் இரட்டைச் சவ்வாலான பையில் பொதிந்து, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமிடம் ஒப்படைத்துச் சிதைத்து, அதினின்று பெறும் மூலப்பொருள்களைத் தன் போஷணைக்கே மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் கிரியையாகும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில், கலந்த மருந்தை மறுநாளைக்கு மீத்து வைக்கலாகாது என்று விதித்திருப்பதன் காரணத்தை அவ்வூர்த் தொழிலாளர் நன்கறிவர். இரவில் ஈரம் வாங்கி நீர்த்துப்போன மருந்து தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். உயிரணுவிலும் அன்றன்று அகற்றப்படாத மிச்சமே ஆபத்தாகின்றது. ஆயுள் முழுதும் பெரும்பாலும் பிரிந்து பெருகாத நரம்பணுக்கள், பெருகும் அணுக்களைப் போலத் தம் கழிவைச் சேயணுக்களிடையே பங்கிட்டுக் குறைத்துக்கொள்ளவும் வழியற்றவை.

இக்கிரியைக்குப் பெயரிட்டவர், லைசோசோமைக் கண்டறிந்த பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ்; ஆண்டு 1963. அதன்பின் கால் நூற்றாண்டு காலம் இத்துறை ஏறக்குறைய உறங்கிற்று. 1988-இல் டோக்கியோவில் தனி ஆய்வுக்கூடம் தொடங்கிய யோஷினோரி ஓசுமி, செரிமான நொதிகளை இழந்த ஈஸ்ட் அணுக்களைப் பட்டினியிட்டு, சிதைவுறாத பைகள், ஈஸ்டில் லைசோசோமின் பணியைச் செய்யும் வெற்றறைகளில் (வேக்குவோல்) குவிவதைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே கண்டார். 1993-இல் அக்கிரியைக்கு இன்றியமையாத ஜீன்கள் பழுதுற்ற பதினைந்து ஈஸ்ட் வகைகளை அவரது குழு பிரித்தறிவித்தது. 2016-இல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

வியாதியோடு இதற்குள்ள சம்பந்தத்தை விளக்கியதில் கேம்பிரிட்ஜின் டேவிட் ரூபின்ஸ்டீன் குழுவுக்குச் சிறப்பிடம் உண்டு. பிருந்தா ரவிக்குமார் முதலாசிரியராய் 2004-இல் வெளியான கட்டுரை, ராபமைசின் வகை மருந்துகளால் தன்னுண்ணலைத் தூண்டினால், ஹண்டிங்டன் நோய்க்குக் காரணமான புரதத்தின் நச்சுத்தன்மை ஈயிலும் எலியிலும் தணிவதைக் காட்டிற்று.

இந்தியாவில் இவ்வாராய்ச்சியை விருத்தி செய்தோருள் குறிப்பிடத்தக்கவர், பெங்களூரு ஜக்கூரிலுள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் ரவி மஞ்சித்தாயா. கலிஃபோர்னியாவில் சுரேஷ் சுப்பிரமணியின் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்டுடன் பழகியவராதலின், மூளைநோய்க்கு மருந்து தேடப் புகுந்தபோதும் அவர் ஈஸ்டையே நாடினார். பார்க்கின்சன் நோயில் மூளையணுக்களில் திரளும் ஆல்ஃபா-சைனூக்ளியின் என்னும் மனிதப் புரதத்தை ஈஸ்டில் உண்டாக்கி, அத்திரளை அகற்றவல்ல சேர்மங்களைச் சோதித்தெடுப்பது அவர் குழு கைக்கொண்ட உபாயம். எளிமையே இம்முறையின் மேன்மை என்பது எம் கருத்து. எத்தனையோ சேர்மங்களை எலியிடம் கொண்டு செல்லுமுன் மலிவாய்க் கழித்துவிட இது உதவுகின்றது. இவ்வாறு தேர்ந்த ‘6-பயோ’ என்னும் சேர்மம், தன்னுண்ணலைத் தூண்டிப் பையும் லைசோசோமும் இணைவதைப் பெருக்கி, ஈஸ்டிலும் பாலூட்டி அணுக்களிலும் புரதத் திரளை அகற்றியதோடு, பார்க்கின்சன் அறிகுறிகள் உண்டாக்கப்பட்ட எலிகளின் நடுமூளையில் டோபமைன் நரம்பணுக்களையும் காத்ததென, பெங்களூரு மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளரும் பங்குகொண்ட 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை நிரூபித்தது. எனினும் எலியில் பலித்ததெல்லாம் மனிதரில் பலிப்பதில்லை. இதே குழு பின்னர், அணுவினுள் புகுந்த சால்மொனெல்லா கிருமியையும் இவ்வழியே ஒடுக்க அகாசெடின் என்னும் தாவரச் சேர்மம் துணைசெய்வதை அறிவித்தது.

பட்டினி தன்னுண்ணலைத் தூண்டும் என்பதைக் கொண்டு, ஏகாதசி உபவாசத்துக்கு ஓசுமியைச் சாட்சிக்கு அழைப்போர் நம்மிடையே பெருகியுள்ளனர். அவர் பட்டினியிட்டது ஈஸ்டை என்பதும், இத்தனை நாழிகை உண்ணாதிருந்தால் இன்ன வியாதி நீங்கும் என்று அவர் விதித்ததில்லை என்பதும் அன்னோர் நினைவிற்கொள்ளத் தக்கவை. அன்றியும், இக்கிரியையை மிகுவித்தல் எங்கும் நன்மையாகாது. 1999-இல் பெத் லெவின் குழு, தன்னுண்ணலுக்கு வேண்டிய பெக்லின் 1 ஜீன் புற்றுக்கட்டியைத் தடுக்கின்றதெனக் கண்டது. ஆனால் ஒருமுறை வேரூன்றிவிட்ட புற்றணுவோ, இரத்த ஓட்டம் குன்றிய இடத்திலும் தன்னைத் தானே உண்டு பிழைத்துக்கொள்கின்றது. ஆகவே, மலேரியாவுக்கு வழங்கிவந்த ஹைட்ராக்சி குளோரோகுவின் லைசோசோமை முடக்கவல்லது என்பதுபற்றி, அதைப் புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்து மனிதரிடம் பரிசோதித்துள்ளனர்.