வேட்டைக் குழல் விளையாட்டுக் கருவியான வரலாறு

ஔந்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சமணனாகிய நான் துப்பாக்கியைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? காரணம் உண்டு. பாலேவாடி விளையாட்டு வளாகம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2008-இல் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டுகள் நடந்த இடம் அது. அங்கே நடப்பதைப் பார்த்து நம் பிள்ளைகள் சிலர் துப்பாக்கி சுடப் பழக ஆசைப்படுகிறார்கள். பெற்றோரோ, "உயிரைக் கொல்லுற சாமானாச்சே" என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு வரலாற்றில் விடை தேடுவதே என் நோக்கம்.

எங்கள் சமயம் வேட்டையை ஏழு வியசனங்களுள் ஒன்றாக வைத்து விலக்குகிறது. தட்டு சுடும் விளையாட்டின் வேரும் கொலைதான். கூண்டிலிருந்து உயிர்ப்புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். அந்தப் பொறியின் பெயரான 'டிராப்' இன்றும் விளையாட்டின் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1880-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டை அறிமுகம் செய்தார். 1900-இல் பாரிஸ் விளையாட்டுகளின்போது உயிர்ப்புறாப் போட்டியும் தட்டுப் போட்டியும் இரண்டுமே நடந்தன. நிலைத்தது தட்டுதான். இன்று அதில் களிமண்ணும் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்த 11 சென்டிமீட்டர் வில்லை அது.

நம் நாட்டிலும் இதே மாற்றம்தான். காஜ்னேர் ஏரிக்கரையில் பறவை வேட்டைக்குப் பேர்போன பிகானேர் அரச குடும்பத்தில் பிறந்த கர்ணி சிங், 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் தட்டு சுட்டு வெள்ளி வென்றார். ஐந்து ஒலிம்பிக் கண்டவர். நம்ம புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருத்விராஜ், 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் குழுத் தங்கம் வென்றவர்களில் ஒருவர். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.

இனி, கருவியைத் தேர்வது எப்படி என்று பார்ப்போம். '12 போர்' என்பதே தராசுக் கணக்கு: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை நுழையும் குழல் அது, விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ரவைத் துப்பாக்கியில் பின்குறி கிடையாது. சுடுபவன் கண்ணே பின்குறி. அதனால்தான் அளவு முக்கியம். தோளில் சாத்தும் கட்டை நீளமானால் அக்குளில் சட்டையோடு சிக்கும். குட்டையானால் கட்டை விரல் மூக்கில் இடிக்கும். கன்னம் பதியும் மேடு உயர்ந்தால் ரவை மேலே போகும், தாழ்ந்தால் கீழே போகும். வேட்டைக்காரன் நாளெல்லாம் சுமந்து நடப்பதால் எடை குறைந்ததை விரும்பினான். தட்டு சுடுபவன் நூற்றுக்கணக்கில் சுடுவதால், உதைப்பைத் தாங்கும் கனமானதைத் தேடுகிறான்.

உழைக்குமா என்று பார்ப்பதில் என் தொழில் உதவும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழல்களைக் கழற்றி, தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் வெண்கலம்போல் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் பற்றவைப்பு விட்டிருக்கும். உள்ளே வெளிச்சத்தில் பார்த்தால் குழியோ நசுங்கலோ இருக்கக்கூடாது. பூட்டிய பின் ஆட்டிப் பார்த்தால் ஆடக்கூடாது.

பழைய 'டமாஸ்கஸ்' குழல்களை நம் தென்னாட்டு உருக்கு என்று பெருமை பேசுவோர் உண்டு. அது பிழை. நம் உருக்கு, மூசையில் உருக்கி எடுத்தது. இந்தக் குழல்களோ, இரும்பும் எஃகும் முறுக்கி அடித்து ஐரோப்பாவில் செய்தவை. பெரும்பாலும் கரிமருந்துக்கென்றே சோதித்தவை. இக்காலப் புகையில்லா மருந்தை இட்டால் வெடிக்கக்கூடும். அழகுக்கு மாட்டி வைக்கலாம், சுடக்கூடாது.

நமக்கு அக்கம்பக்கத்தில், 1869-இல் தொடங்கிய கட்கி வெடிபொருள் தொழிற்சாலைதான் 12 போர்த் தோட்டாக்களையும் செய்து தந்தது. ஆனால் அதை வைத்து வேட்டையாடும் காலம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தோடு முடிந்துபோயிற்று. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை முதலில் சங்கத்துத் துப்பாக்கியில் பழகட்டும். வளர்த்தி நின்று உடலளவு நிலைத்த பிறகு சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். கொல்லும் எண்ணமே குற்றம் என்பது எங்கள் அறம். வில்லை உடைவதில் அந்த எண்ணம் இல்லை என்பது அடியேன் துணிபு.