மருள்: ஸ்நேக் பிளான்ட்டுக்கு நம்ம மலைப் பக்கத்தில் ஒரு சொந்தம்

இன்னைக்கு எபிசோடு ஒரு தொட்டிச் செடியைப் பத்தி. ஐடி ஆபீஸ் ரிசப்ஷன், காபி ஷாப், நண்பரோட புது ஃப்ளாட், எங்க போனாலும் கத்தி மாதிரி நிமிர்ந்து நிக்கும். பச்சை இலையில் சாம்பல் வரி, ஓரத்தில் மஞ்சள் கரை. ஆமா, ஸ்நேக் பிளான்ட்தான். ஏன் வாங்கினீங்கன்னு கேட்டா பெரும்பாலும் ரெண்டு பதில் வரும். "ராத்திரியில ஆக்சிஜன் குடுக்கும்", "என்ன பண்ணாலும் சாகாது". ரெண்டுமே முழு உண்மை இல்லை. ஏன்னு புரியணும்னா வரலாற்றில் கொஞ்சம் பின்னாடி போகணும். அந்த வழி எங்க கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துலயே போகுது.

முதல்ல கடையில் விக்கிற செடி. அதோட பூர்வீகம் நைஜீரியாவிலிருந்து காங்கோ வரைக்குமான ஆப்பிரிக்கா. ரொம்ப காலம் சான்செவீரியான்னு தனிப் பேரினமா வச்சிருந்தாங்க. டிஎன்ஏ ஆய்வுகளுக்கு அப்புறம், 2017-ல் அதை டிரசீனா பேரினத்தோட சேர்த்துட்டாங்க. எங்க தொழில் பாஷையில் சொன்னா, ரெண்டு ரெப்போவை மெர்ஜ் பண்ணிட்டாங்க.

இதோட நெருங்கின சொந்தம் ஒண்ணு நம்ம மண்ணுலயே இருக்கு. பேர் மருள். சோழமண்டலக் கரையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து வறண்ட பாறை நிலத்திலும் வளரும். இலை கொஞ்சம் ஒடுக்கம், மஞ்சள் கரை கிடையாது. ஆனா அதே வரி, அதே விறைப்பு.

சங்க இலக்கியத்தில் இதுக்குப் பேர் மரல். பத்துப்பாட்டில் ஒண்ணான மலைபடுகடாம், 583 அடி, பெருங்கௌசிகனார் பாடினது. நன்னன் என்ற அரசனோட ஊருக்குக் கூத்தர்களை வழிகாட்டி அனுப்புற பாட்டு. அந்த ஊர் செங்கண்மா, அதாவது இன்னைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற செங்கம். கல்வராயன் மலைக்கு நேர் வடக்குப் பக்கம். போற வழியில் பூவையும் தளிரையும் காய்ந்த மரல் நாரால் கட்டிச் சூடிக்கோங்கன்னு பாட்டு சொல்லுது. நற்றிணையில் மலைக் குறவர்கள் மரல் நாரால் செய்த உடை உடுத்தியிருக்காங்க. கலித்தொகையில் மழை பொய்த்த காட்டில் மரை என்கிற விலங்கு மரலைத் தின்னுது. மத்ததெல்லாம் காய்ஞ்ச பிறகும் இலையில் தண்ணி வச்சிருந்த செடி இதுன்னு அந்தக் காட்சியே காட்டுது. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த வகைச் செடிகளோட நாருக்கு ஆங்கிலேயர் வச்ச பேர் 'வில்நாண் சணல்'. அந்த அளவுக்கு உறுதி. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர், 1795-ல் வெளிவரத் தொடங்கின தன்னோட சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றின நூலில் இந்தச் செடியைப் படத்தோட பதிவு பண்ணினார். பின்னாடி அவர் பேரே செடிக்கு வந்தது: சான்செவீரியா ராக்ஸ்பர்கியானா. நார் எடுக்கிறது எளிமையான வேலைதான். இலையைப் பலகையில் வச்சு, மழுங்கின கத்தியால் சதையைச் சுரண்டி, அலசிக் காயவைக்கணும். அப்புறம் அமெரிக்காவிலிருந்து ஆனைக் கற்றாழை வந்தது, நைலான் கயிறு வந்தது. மருள் நாருக்குத் தேவை குறைஞ்சது. தேவை போனா பேரும் மெல்ல மறையும்.

அதே வகைச் செடி இப்போ நம்மகிட்ட 'ஏர் பியூரிஃபையரா' திரும்பி வந்திருக்கு. இதோட தொடக்கம் 1989. நாசாவுக்காக பில் வொல்வர்ட்டன் பண்ணின ஆய்வு. மூடி சீல் வச்ச சின்ன அறையில் செடிகளை வச்சு, பென்சீன் மாதிரி வாயுக்கள் குறையுதான்னு பார்த்தாங்க. குறைஞ்சது. ஆனா உங்க பெட்ரூம் சீல் வச்ச பெட்டி இல்லை. 2019-ல் வந்த ஒரு மறுஆய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்ற வேலையைச் செடி செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10-லிருந்து 1,000 செடி வரை வேணும்னு கணக்குப் போட்டது. ஜன்னலைத் திறக்கிறது சுலபம்.

ராத்திரி ஆக்சிஜன் கதைக்கும் ஒரு வேர் இருக்கு. பெரும்பாலான செடிகள் பகலில்தான் இலைத் துளைகளைத் திறக்கும். வறண்ட நிலத்தில் அப்படித் திறந்தா தண்ணி ஆவியாப் போயிடும். அதனால இந்தக் குடும்பம் ராத்திரியில் திறந்து, கார்பன் டை ஆக்சைடை அமிலமா மாத்தி சேமிச்சு வைக்குது. பகலில் துளையை மூடிக்கிட்டு, வெயிலை வச்சுச் சமைக்குது. ஆக்சிஜன் உருவாகுறது வெளிச்சத்தில்தான். ராத்திரி நடக்கிறது ஸ்டாக் வாங்குற வேலை.

இப்போ வளர்ப்புக்கு வருவோம். பஞ்சத்தில் மரைக்குத் தீனியான செடின்னு சொன்னேன் இல்லையா? அதுதான் மொத்த கேர் கைடும். இது வாடிச் சாகுறது அபூர்வம், அழுகிச் சாகுறதுதான் அதிகம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்க. முழுசாக் காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருமுறை போதும், மழைக்காலத்தில் இன்னும் குறைவு. அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டி, மணல் நிறையக் கலந்த மண், ஜன்னலோர வெளிச்சம். இருட்டு மூலையில் உயிரோட இருக்கும், ஆனா வளராது. புதுச் செடி வேணும்னா கிழங்கோட பிரிச்சு நடுங்க. மஞ்சள் கரை உள்ளதை இலைத் துண்டா வெட்டி நட்டா, வர்ற கன்றில் அந்தக் கரை இருக்காது. பூனை, நாய் இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வைங்க, தின்னா வாந்தி எடுக்கும்.

மருளையும் இதே மாதிரி தொட்டியில் வளர்க்கலாம். ஆனா மலையேறிப் பிடுங்கிட்டு வராதீங்க, காப்புக்காட்டில் செடி எடுக்கிறது சட்டப்படி குற்றம். அடுத்த முறை நர்சரிக்குப் போனா, "மருள் இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க. அவங்களுக்குத் தெரியலைன்னா வரி வரியா இருக்கிற இலையைக் காட்டி நீங்களே சொல்லுங்க. நாலு பேர் கேட்டா, லேபிளில் அந்தப் பேரை எழுத ஒரு காரணம் கிடைக்கும்.